மின்பட்டியலும் மருந்துச் சீட்டும்

ஒரு குடும்பத்தின் மாதச் செலவுகளை ஒரு கொப்பியில் எழுதிப் பார்த்தால், அவற்றுள் பலவற்றைத் தள்ளிப்போட முடியும் என்பது விளங்கும். பெருநாள் உடுப்பைக் கொஞ்சம் மலிவாக எடுக்கலாம். இறைச்சிக்குப் பதிலாகப் பருப்புக் கறியோடு ஒரு கிழமையை ஓட்டலாம். ஆனால் இரண்டு செலவுகளை அப்படிச் செய்ய முடியாது. ஒன்று வெளிச்சத்துக்கும் அடுப்புக்கும் கொடுக்கும் காசு. மற்றையது மருந்துக்குக் கொடுக்கும் காசு.

உயர்தரப் பொருளியல் பாடத்தில் இதனை நெகிழ்ச்சியற்ற கேள்வி என்று படிக்கிறோம். விலை எவ்வளவு கூடினாலும் வாங்கும் அளவு பெரிதாகக் குறையாது. நீரிழிவு நோயாளிக்கு மாத்திரை வேண்டும். இரவில் படிக்கும் பிள்ளைக்கு மின்குமிழ் வேண்டும். விற்பவர் இந்த நிலைமையைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்பதாலேயே, உலகின் பெரும்பாலான நாடுகளில் இவ்விரு துறைகளிலும் அரசாங்கம் விதிகளை வகுத்திருக்கிறது. நமது நாட்டிலும் அப்படித்தான். அந்த விதிகள் எங்கே தீர்மானிக்கப்படுகின்றன, அவை நமது குசினிக்குள்ளும் மருந்துப் பெட்டிக்குள்ளும் எப்படி வந்து சேர்கின்றன என்பதை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன்.

விலையில் தலையிடுவது சரியா?

சந்தையில் பலர் விற்று, பலர் வாங்கும்போது விலை தானாகவே ஒரு நியாயமான இடத்துக்கு வரும் என்பது பொதுவான விதி. மதீனாவில் விலைவாசி உயர்ந்தபோது, விலையை நிர்ணயித்துத் தருமாறு மக்கள் நபி (ஸல்) அவர்களிடம் கேட்டார்கள். அவர்கள் அதற்கு உடன்படவில்லை என்பதும், யாருக்கும் அநீதி செய்தவராக அல்லாஹ்வைச் சந்திக்க அவர்கள் விரும்பவில்லை என்பதும் ஹதீஸ் நூல்களில் பதிவாகியுள்ளன. வியாபாரிக்கும் உரிமை உண்டு என்பதை இது நமக்குச் சொல்கிறது.

அதே வேளை, பிற்காலத்தில் இமாம் இப்னு தைமிய்யா போன்ற அறிஞர்கள், பொருளைப் பதுக்கி வைத்தோ வேறு வழியில்லாத மக்களின் தேவையைப் பயன்படுத்தியோ விலை ஏற்றப்படும்போது ஆட்சியாளர் தலையிடலாம், சில வேளை தலையிடவும் வேண்டும் என்று விளக்கினார்கள். அளவையும் நிறுவையையும் தரத்தையும் கண்காணிக்கும் ஹிஸ்பா என்ற அமைப்பு இஸ்லாமிய நகரங்களில் இருந்தது. அஷ்ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரழி) என்ற கல்வியறிவுள்ள ஸஹாபிப் பெண்மணிக்கு, உமர் (ரழி) அவர்கள் மதீனாவின் சந்தை தொடர்பான ஒரு பொறுப்பைக் கொடுத்ததாகச் சில வரலாற்றாசிரியர்கள் குறிப்பிடுகிறார்கள். ஆகவே விலை, அளவு, தரம் பற்றிய அறிவு பெண்பிள்ளைகளுக்குப் புதிய விடயமல்ல.

மின்சாரத்தில் தலையீடு ஏன் தேவை என்பது இலகுவாக விளங்கும். ஒரே வீதியில் நான்கு கம்பனிகள் நான்கு வரிசை மின்கம்பங்களை நடமுடியாது. எனவே விற்பவர் ஒருவராகவே இருப்பார். இதனை இயற்கைத் தனியுரிமை என்பார்கள். மருந்தில் காரணம் வேறு. அங்கே விற்பவர்கள் பலர். ஆனால் வாங்குபவருக்கு அந்தப் பொருளைப் பற்றித் தெரியாது. தக்காளியை அழுத்திப் பார்த்து வாங்கலாம். மாத்திரையை அப்படிப் பார்க்க முடியாது.

மின்கட்டணத்தைத் தீர்மானிப்பது யார்?

மின்சார சபையே தனது கட்டணத்தைத் தீர்மானித்து வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சபையால் கேட்க மட்டுமே முடிந்தது. தீர்மானிப்பது இலங்கைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு. 2002ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இந்த ஆணைக்குழு உருவாக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டின் இலங்கை மின்சாரச் சட்டம் கட்டணங்களை அங்கீகரிக்கும் அதிகாரத்தை அதற்குக் கொடுத்தது. மின்சாரம் வழங்குவோர் தமது செலவுக் கணக்கைச் சமர்ப்பிப்பார்கள். ஆணைக்குழு அதனைப் பரிசீலித்து, பொதுமக்களின் கருத்தை எழுத்து மூலமும் நேரிலும் கேட்டு, பின்னர் தீர்ப்புச் சொல்லும்.

இது வெறும் சடங்கு அல்ல என்பதற்கு 2025ஆம் ஆண்டே உதாரணம். அவ்வாண்டின் முதல் அரைப்பகுதிக்குக் கட்டணத்தை மாற்ற வேண்டியதில்லை என்பது சபையின் நிலைப்பாடாக இருந்தது. ஆணைக்குழு கணக்கைப் பார்த்து, ஜனவரி 17 முதல் சராசரியாக 20 வீதம் குறைத்தது. பின்னர் சபை 18.3 வீத உயர்வைக் கேட்டது. ஜூன் 12 முதல் 15 வீத உயர்வே அனுமதிக்கப்பட்டது. ஒக்டோபரில் சபை 6.8 வீத உயர்வைக் கேட்டபோது ஆணைக்குழு மறுத்துவிட்டது.

ஆனால் ஆணைக்குழு எப்போதும் அழுத்தமின்றி இயங்கியது என்றும் சொல்ல முடியாது. 2023 பெப்ரவரியில் கட்டணம் சராசரியாக 66 வீதம் உயர்ந்தது. அப்போதைய ஆணைக்குழுத் தலைவர் அதனைப் பகிரங்கமாக எதிர்த்தார். அரசாங்கத்துக்கும் அவருக்கும் இடையிலான முரண்பாடு முற்றி, 2023 மே மாதத்தில் பாராளுமன்றம் அவரைப் பதவி நீக்கத் தீர்மானம் நிறைவேற்றியது. யார் சரி, யார் பிழை என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். நடுவர் எவ்வளவு சுதந்திரமாக இருக்கிறார் என்பது நமது மின்பட்டியலையும் பாதிக்கும் என்பதை மட்டும் நாம் கவனிக்க வேண்டும்.

ஒரே 60 அலகு, ஐந்து விலைகள்

ஒரு வீடு மாதத்துக்கு 60 அலகு, அதாவது நாம் பேச்சில் சொல்லும் 60 யுனிட், பாவிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வரி நீங்கலாக அந்த வீட்டின் பட்டியல் இப்படி மாறியிருக்கும்.

2022 ஆகஸ்ட் மாதத்துக்கு முன்: 280 ரூபா 50 சதம்.
2022 ஆகஸ்ட் உயர்வின் பின்: 780 ரூபா.
2023 பெப்ரவரி உயர்வின் பின்: 2,560 ரூபா.
2025 ஜனவரிக் குறைப்பின் பின்: 500 ரூபா.
2025 ஜூன் உயர்வின் பின்: 585 ரூபா.

அதே மின்விசிறி, அதே மின்குமிழ்கள். ஆறே மாதத்தில் பட்டியல் மூன்று மடங்குக்கும் மேலாகக் கூடியது. இது ஏன் நடந்தது?

2013இன் பின்னர் ஒன்பது ஆண்டுகளாகக் கட்டணம் உயர்த்தப்படவில்லை. அந்தக் காலத்தில் எரிபொருள் விலை ஏறியது, நிலக்கரி விலை ஏறியது. 2022 மார்ச்சில் ரூபாயின் பெறுமதியும் விழுந்தது. ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலர், இரண்டே மாதங்களில் 350 ரூபாவைத் தாண்டியது. நுரைச்சோலைக்கு வேண்டிய நிலக்கரியும் ஏனைய நிலையங்களுக்கு வேண்டிய எண்ணெய்யும் டொலரில் வாங்கப்படுபவை. உற்பத்திச் செலவை விடக் குறைந்த விலையில் மின்சாரத்தை விற்றதால் வந்த நட்டம் கடனாகச் சேர்ந்தது. கடனும் கொடுக்க முடியாமல் போனபோது மின்சாரமே இல்லாமல் போனது. 2022 மார்ச் மாத இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை நாம் மறக்கவில்லை. சர்வதேச நாணய நிதியத்துடன் 2023 மார்ச்சில் தொடங்கிய உதவித் திட்டத்தில், மின்சாரத்தின் விலை அதன் செலவை ஈடுசெய்ய வேண்டும் என்பது ஒரு நிபந்தனையாகியது. பின்னர் மழை நன்றாகப் பெய்து காசல்ரீ, மவுசாக்கலை, விக்டோரியா போன்ற நீர்த்தேக்கங்கள் நிறைந்து மலிவான நீர்மின் உற்பத்தி கூடியதும், கட்டணத்தைக் குறைக்க இடம் கிடைத்தது.

இதிலிருந்து ஒரு பாடம் தெரிகிறது. அரசாங்கம் விலையைப் பல ஆண்டுகள் அழுத்தி வைத்திருந்தால் செலவு மறைந்து போவதில்லை. அது ஓரிடத்தில் சேர்ந்து, ஒரு நாள் மொத்தமாக வருகிறது. அப்படி வரும்போது அதிகம் அடிபடுவது ஏழை வீடுதான். 2023 பெப்ரவரியில் மிகக் குறைந்த அளவு மின்சாரம் பாவித்த வீடுகளுக்கே விகிதாசாரத்தில் அதிக உயர்வு வந்தது.

61ஆவது அலகு

மின்பட்டியலில் உள்ள கட்டங்களை விளங்கிக்கொண்டால் வீட்டில் உண்மையாகவே காசு மிஞ்சும். 2025 ஜூன் அட்டவணையை உதாரணமாக எடுக்கிறேன். இது 30 நாட்களைக் கொண்ட ஒரு பட்டியலுக்கு உரியது.

60 அலகுக்குள் நிற்கும் வீட்டுக்கு, முதல் 30 அலகுகளுக்கு அலகொன்று 4 ரூபா 50 சதம், அடுத்த 30க்கு 8 ரூபா, நிலையான கட்டணம் 210 ரூபா. மொத்தம் 585 ரூபா.

60ஐத் தாண்டிய வீட்டுக்கு இந்த மலிவான கட்டங்கள் இல்லாமல் போகின்றன. முதல் 60 அலகும் 12 ரூபா 75 சதப்படி மீண்டும் கணக்கிடப்படும். 61 முதல் 90 வரை அலகொன்று 18 ரூபா 50 சதம். நிலையான கட்டணம் 400 ரூபா. எனவே 61 அலகு பாவித்த வீட்டின் பட்டியல் 1,183 ரூபா 50 சதம்.

ஒரேயொரு அலகு கூடியதால் பட்டியல் இரண்டு மடங்காகிறது. ஆயிரம் வோட் மின் அழுத்தியை ஒரு மணித்தியாலம் பாவித்தால் செலவாவது அந்த ஓர் அலகுதான். இதே போல 90 அலகுக்கு 1,720 ரூபா. 91 அலகுக்கு 2,344 ரூபா. அங்கே நிலையான கட்டணம் 400இலிருந்து 1,000 ரூபாவாகத் தாவுகிறது.

இந்த ஏற்பாட்டின் நோக்கம் நல்லது. குறைவாகப் பாவிக்கும் வீட்டுக்கு உற்பத்திச் செலவை விடக் குறைந்த விலையிலும், கூடுதலாகப் பாவிப்போருக்குக் கூடிய விலையிலும் மின்சாரம் விற்கப்படுகிறது. ஆனால் இந்த முறை மீற்றரை எண்ணுகிறது, தலைகளை எண்ணுவதில்லை. நமது சமூகத்தில், விசேடமாகக் கிழக்கு மாகாணத்தில், மகளுக்குக் கலியாணம் முடித்த பின்னரும் மருமகனோடு மகள் உம்மா வீட்டிலேயே இருப்பது வழக்கம். உம்மம்மா, அப்பா, உம்மா, வாப்பா, மணமுடித்த தாத்தா, மச்சான், அவர்களுடைய இரண்டு பிள்ளைகள், வீட்டின் கடைசிப் பிள்ளை என்று ஒன்பது பேர் ஒரே மீற்றரில் இருந்தால் 150 அலகு இலகுவாகச் செலவாகும். அதன் பட்டியல் 4,770 ரூபா. அலகொன்று 31 ரூபா 80 சதமாக விழுகிறது. இருவர் மட்டும் இருக்கும் ஒரு வீடு 60 அலகு பாவித்தால் அலகொன்று 9 ரூபா 75 சதமாகவே விழும். ஆளுக்கு ஆள் பார்த்தால் ஒன்பது பேர் வீட்டில் ஒருவர் பாவிப்பது ஏறத்தாழ 17 அலகு. இருவர் வீட்டில் ஒருவர் பாவிப்பது 30 அலகு. குறைவாகப் பாவிப்பவரே கூடுதல் விலை கொடுக்கிறார். மானியத்தை வறுமையைப் பார்த்துக் கொடுக்காமல் அலகை மட்டும் பார்த்துக் கொடுப்பதால் ஏற்படும் குறை இது. ஆணைக்குழு அடுத்த முறை பொதுமக்களின் கருத்தைக் கேட்கும்போது, நமது பெற்றோர்கள் எழுதக்கூடிய நியாயமான விடயமும் இதுவே.

சிலிண்டர் சொன்ன பாடம்

உச்ச விலை என்றால் என்ன என்று பாடப்புத்தகத்தில் வரைபடம் இருக்கிறது. அதனை இந்த நாடு நேரில் பார்த்தது 2021இல். 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டரின் விலை 1,493 ரூபாவில் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. உலகச் சந்தையில் விலை ஏறியபோது இறக்குமதி செய்து அந்த விலைக்கு விற்பது நட்டமானது. கடைகளில் சிலிண்டர் இல்லை. அவ்வாண்டு ஒக்டோபரில் கட்டுப்பாடு நீக்கப்பட்டதும் லிட்ரோ சிலிண்டரின் விலை ஒரேயடியாக 2,750 ரூபாவானது. 2022 ஏப்ரலில் அது 4,860 ரூபாவைத் தொட்டது. 2024 ஜனவரி முதல் எரிவாயுவுக்கு 18 வீதப் பெறுமதி சேர் வரியும் சேர்ந்தது.

விலைக்கு அப்பால் இன்னொன்றும் நடந்தது. 2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் வீடுகளில் எரிவாயு தொடர்பான வெடிப்புகள் அடுத்தடுத்து ஏற்பட்டன. ஆராய நியமிக்கப்பட்ட குழு, சிலிண்டருக்குள் இருக்கும் புரொப்பேன், பியூட்டேன் கலவையின் விகிதம் மாறியதே பிரதான காரணம் என்று சொன்னது. சிலிண்டரின் விலை எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்பது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. விலையைப் பார்ப்பது ஒழுங்குமுறையின் பாதி வேலைதான். மறுபாதி தரத்தைப் பார்ப்பது.

மருந்தின் விலை

மருந்து விடயத்தில் உலகமே திரும்பிப் பார்த்த ஒரு முயற்சி நமது நாட்டில் தொடங்கியது. 1971ஆம் ஆண்டு வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் பேராசிரியர் சேனக்க பிபிலேயும் ஓர் அறிக்கை தயாரித்தார்கள். தேவையான மருந்துகளை மட்டும் தெரிவுசெய்து, வர்த்தகப் பெயரில் அல்லாமல் பொதுப்பெயரில், அரசாங்கமே மொத்தமாகக் கொள்வனவு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அவ்வாறே பிறந்தது. இன்று நாம் ஒசுசல என்று அழைக்கும் மருந்தகங்கள் அதற்குரியவை. பேராசிரியர் பிபிலே 1977இல் காலமானார். அவர் விரும்பியது போன்ற ஒரு சட்டம் வர 2015ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையை ஏற்படுத்தியது. மருந்தைப் பதிவுசெய்தல், தரத்தைப் பார்த்தல், விலையைக் கட்டுப்படுத்தல் மூன்றும் அதன் பொறுப்புகள்.

2016 ஒக்டோபரில் 48 மருந்துகளுக்கு உச்ச சில்லறை விலை வர்த்தமானி மூலம் விதிக்கப்பட்டது. நீரிழிவு, இரத்த அழுத்தம், கொலஸ்ட்ரோல் போன்ற நெடுநாள் நோய்களுக்குரிய மருந்துகள் அவற்றில் அடங்கின. பல வீடுகளுக்கு அது பெரிய ஆறுதல். பின்னர் பட்டியல் 60 மருந்துகளாக விரிந்தது.

2022இல் ரூபா விழுந்தபோது மருந்தும் சிலிண்டரின் வழியில் போனது. இறக்குமதியாளர்கள் பழைய விலைக்கு விற்க முடியாது என்றார்கள். மார்ச் மாதத்தில் 29 வீத உயர்வும், ஏப்ரல் இறுதியில் 60 மருந்துகளுக்கு 40 வீத உயர்வும் அனுமதிக்கப்பட்டன. 2023 ஜூனில் 16 வீதம் குறைக்கப்பட்டது. இம்மூன்று மாற்றங்களுக்கும் உட்பட்ட ஒரு மருந்தை எடுங்கள். முன்பு 100 ரூபா என்றால், முதல் உயர்வின் பின் 129 ரூபா, இரண்டாவதன் பின் 180 ரூபா 60 சதம், குறைப்பின் பின் ஏறத்தாழ 152 ரூபா. பத்திரிகையில் "மருந்து விலை குறைந்தது" என்று வாசித்தவருக்கு, பாமசியில் ஏன் இன்னும் கூடுதலாகக் கேட்கிறார்கள் என்ற சந்தேகம் வந்ததற்கு இதுவே விடை. இரண்டு முறை அவ்வளவு கூட்டியதை 16 வீதத்தால் மட்டும் குறைத்தால் பழைய இடத்துக்கு வர முடியாது.

மருத்துவப் பரிசோதனைகளிலும் இத்தகைய விதிகள் உண்டு. தனியார் ஆய்வுகூடங்களில் பூரண குருதிப் பரிசோதனைக்கு 400 ரூபாவும், டெங்கு அன்டிஜன் பரிசோதனைக்கு 1,200 ரூபாவும் உச்ச விலையாக வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டன. டெங்குக் காலத்தில் ஒரே பிள்ளைக்கு நாள் தவறாமல் இரத்தம் பார்க்க வேண்டியிருக்கும்போது இந்த வித்தியாசம் சிறியதல்ல.

விலை, கிடைப்பு, தரம்

அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். ஆயினும் அங்கே மருந்து இல்லாவிட்டால் "வெளியே வாங்குங்கள்" என்று ஒரு துண்டு தருவார்கள். அந்தத் துண்டோடு இலவசம் முடிந்துவிடுகிறது. மருந்துத் தட்டுப்பாடு கடுமையாக இருந்த 2022, 2023ஆம் ஆண்டுகளில் பல குடும்பங்கள் இதனை அனுபவித்தன. உச்ச விலை குறைவாக இருந்தும் மருந்து கடையில் இல்லையென்றால், அந்த விலை வெறும் எழுத்துதான்.

தட்டுப்பாட்டை நிரப்புவதற்காக, பதிவுசெய்யப்படாத மருந்துகளை விசேட அனுமதியோடு அவசரமாகக் கொண்டுவரும் வழி திறக்கப்பட்டது. அந்த அவசரத்தில் தரம் பின்னுக்குப் போனது. 2023இல் வைத்தியசாலைகளுக்கு வழங்கப்பட்ட இம்யூனோகுளோபியுலின் ஊசிமருந்து போலியானது என்ற விவகாரம் வெளிவந்தது. முன்னாள் சுகாதார அமைச்சர் ஒருவர் 2024 பெப்ரவரியில் இது தொடர்பில் கைதுசெய்யப்பட்டார். வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். நமக்கு விளங்க வேண்டியது, விலை, கிடைப்பு, தரம் ஆகிய மூன்றும் அடுப்பின் மூன்று கற்களைப் போன்றவை என்பதே. ஒன்றை உருவினால் பானை சரியும்.

இரண்டு செலவும் சந்திக்கும் வீடு

மின்கட்டணமும் மருந்து விலையும் வெவ்வேறு அமைச்சுகளின் கீழ் வருகின்றன. வெவ்வேறு சட்டங்கள், வெவ்வேறு அலுவலகங்கள். ஆனால் வீட்டில் இரண்டும் ஒரே பணப்பையிலிருந்துதான் போகின்றன.

2023இன் தொடக்கத்தில் எங்கள் மின்பட்டியல் ஏறியபோது, எங்கள் உம்மம்மா யாருக்கும் சொல்லாமல் பிரஷர் மாத்திரையை ஒன்றுவிட்டு ஒரு நாள் குடிக்கத் தொடங்கினார். முடிய வேண்டிய மாத்திரை அட்டை முடியாமல் இருந்ததால்தான் உம்மாவுக்குத் தெரியவந்தது. அதற்குள் கிளினிக்கில் இரத்த அழுத்தம் கூடியிருந்தது. "கரண்ட் காசு கட்டாட்டி வந்து வெட்டிப்போட்டுப் போவான். மருந்து குடிக்காட்டி ஆர் வந்து கேக்கிற?" என்பதுதான் உம்மம்மா சொன்ன காரணம். மின்சாரக் கடனுக்குச் சிவப்பு அறிவித்தல் வருகிறது. உடம்பின் கடனுக்கு அறிவித்தல் வருவதில்லை. எந்தக் கட்டண உயர்வையும் கணக்கிடும்போது, அது வீட்டில் வேறு எந்தச் செலவைத் தின்னும் என்று யாரும் கணக்கிடுவதில்லை.

இவ்விரண்டும் வேறு வகையிலும் பிணைந்தவை. இன்சுலின் மருந்தை 2 முதல் 8 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் வைத்திருக்க வேண்டும். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு நெபுலைசர் இயங்க மின்சாரம் வேண்டும். 13 மணித்தியால மின்வெட்டு அந்த வீடுகளுக்கு வெறும் இருட்டு மாத்திரமல்ல. தனியார் வைத்தியசாலையின் மின்பட்டியல் ஏறினால், அதுவும் ஒரு நாள் நோயாளியின் பட்டியலில் வந்து சேரும்.

நாம் செய்யக்கூடியவை

மின்பட்டியல் வந்ததும் மொத்தத் தொகையை மட்டும் பார்க்காமல் எத்தனை அலகு, எத்தனை நாட்கள் என்று பாருங்கள். மாத நடுப்பகுதியில் மீற்றரை ஒருமுறை வாசித்து, 60 அல்லது 90 என்ற எல்லைக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று கணக்கிடுங்கள். இந்த வேலையை வீட்டிலுள்ள பாடசாலைப் பிள்ளையிடம் ஒப்படைக்கலாம். நோன்பு மாதத்தில் ஸஹர் நேரத்துச் சமையலால் அலகுகள் கூடும் என்பதால் அப்போது விசேட கவனம் தேவை.

வைத்தியரிடம் மருந்தின் பொதுப்பெயரை எழுதித் தருமாறு மரியாதையோடு கேளுங்கள். அதே மருந்து பல வர்த்தகப் பெயர்களில் பல விலைகளில் இருக்கும். பாமசியில் பெட்டியில் அச்சிட்டுள்ள உச்ச சில்லறை விலையையும் காலாவதித் திகதியையும் பார்த்து, பற்றுச்சீட்டு கேட்டு வாங்குங்கள். குறித்த விலையை விடக் கூடுதலாக விற்றால் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். செலவுக்காக மாத்திரையைக் குறைக்கும் எண்ணம் வந்தால், முதலில் கிளினிக் வைத்தியரிடம் சொல்லுங்கள். அதே பலனைத் தரும் மலிவான மருந்து இருக்கக்கூடும்.

மின்கட்டணம் பற்றிப் பொதுமக்களின் கருத்துக் கேட்கும் அறிவித்தல் பத்திரிகையில் வந்தால் அதனைத் தவறவிடாதீர்கள். தமிழிலேயே எழுதலாம். எத்தனை பேர் இருக்கும் வீடு, எத்தனை அலகு, எவ்வளவு பட்டியல் என்ற உண்மைக் கணக்கோடு எழுதப்பட்ட ஒரு கடிதம், நூறு பெருமூச்சுகளை விடப் பெறுமதியானது.

சகோதரிகளே, நாளை நம்மில் சிலர் வைத்தியர்களாவோம், சிலர் கணக்காளர்களாவோம், சிலர் சட்டம் படிப்போம். பலர் ஒரு வீட்டின் வரவுசெலவைக் கையில் எடுப்போம். விலை ஏறும்போது "இது நம்ம கையில இல்ல" என்று சொல்வது இலகு. ஆனால் அந்த விலைக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது, ஒரு கணக்கு இருக்கிறது, நமது கருத்தைக் கேட்க வேண்டிய கடமையுள்ள ஓர் ஆணைக்குழு இருக்கிறது. அளவிலும் நிறுவையிலும் மோசடி செய்வோரை எச்சரிக்கும் ஸூரத்துல் முதஃப்பிஃபீனை ஓதி வளர்ந்தவர்கள் நாம். கொடுப்பவர் சரியாகக் கொடுக்கிறாரா என்று பார்ப்பதும், எடுப்பவர் சரியாக எடுக்கிறாரா என்று கேட்பதும் நமது பொறுப்பாகும்.